ஓடாத பம்பின் பேரிங்

மேசைமேல் அறுத்துப் போட்ட பேரிங் கிடக்கிறது. அறை முழுக்கக் கிரீஸ் வாடை. உன் சட்டையிலும் எப்போதும் இதே வாடைதான். அந்த வாடையோடு நீ தேக்கா கடைகளில் பிரியாணி சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து மேசைக்காரர்கள் நகர்ந்து உட்காருவார்கள்.

சிங்கப்பூர் துவாஸில் நம் பிளான்ட்டின் இரண்டு பம்புகளில் ஒன்று ஓடும், மற்றது அவசரத்துக்கென்று சும்மா நிற்கும். அந்தச் சும்மா நிற்கிற பம்புக்குப் புது பேரிங் மாட்டியதுதான் நீ செய்த கடைசி வேலை. சில நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாய். பிறகு அதை யாரும் தொடவில்லை. போன மாதம் முதல் பம்பு பழுதாகி இதை ஓட்டினோம். வழக்கம்போல் அதிர்வு பார்க்கும் சென்சாரை ஒட்டினேன். திரையில் கோடு ஒரே இடைவெளியில் முள் முள்ளாக எழும்பியது. பேரிங்கின் வெளி வளையம் அடிபட்டிருந்தால் அப்படித்தான் வரும். ஓடவே ஓடாத பேரிங்குக்கு எங்கிருந்து அடி?

"சுத்தியலால அடிச்சு ஏத்தியிருப்பாரு லா. வேற என்ன? ரிப்போர்ட்ல அப்படியே எழுதிடுங்க" என்றார் புது மேனேஜர்.

நீயா? பேரிங்கைச் சூடாக்கித்தான் மாட்டுவாய். அவசரப்படுத்தினால் "நீ போய் டீ குடிடா, அது தானா ஏறும்" என்று விரட்டுவாய். ஆனால் அன்று உனக்கு உடம்பு சரியில்லை. முடியாமல் நாலு போடு போட்டுவிட்டாயோ? செத்துப்போனவனைச் சந்தேகப்படுகிறோமே என்று என்மீதே எரிச்சல் வந்தது. ரிப்போர்ட் எழுதாமல் இழுத்தடித்தேன்.

பேரிங்கை அறுத்துப் பார்த்தால், உள்ளே குண்டுகள் உட்காரும் அதே இடைவெளியில் வளையத்தில் பள்ளங்கள். சுத்தியலால் அடித்தாலும் அப்படித்தான் விழும். இன்னும் குழம்பினேன். துணியால் துடைத்தேன், செங்கல் நிறத்தில் தூள் ஒட்டியது. அடித்து விழுந்த பள்ளம் பளபளக்கும், தூள் வராது. இது பக்கத்துப் பம்பு ஓடிய அதிர்வில், ஒரே இடத்தில் நின்ற குண்டுகள் மாதக்கணக்காக உரசி விழுந்த பள்ளம். பாடத்தில் படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை.

அப்படியானால் உன் காலத்தில் ஏன் விழவில்லை? யோசித்தபோதுதான் நினைவு வந்தது. திங்கட்கிழமைதோறும் டீக்கு முன்னால் அந்தப் பம்பிடம் போய், பேரிங்குக்குள் சுழலும் ஷாஃப்ட்டைக் கையால் கொஞ்சம் திருப்பிவிட்டு வருவாய்.

"என்னடா, சாமி கும்பிடுறியா?" என்பேன்.

"சும்மா நிக்குதுடா, பாவம்" என்பாய்.

திருப்பினால் குண்டுகள் இடம் மாறி உரசாது என்று தெரிந்து செய்தாயா, பாவப்பட்டுச் செய்தாயா? தெரிந்திருந்தால் எனக்கேன் சொல்லவில்லை? ரிப்போர்ட்டில் 'மாட்டியதில் குறையில்லை' என்று எழுதிவிட்டேன். இந்தக் கேள்வியை எங்கே எழுதுவதென்று தெரியவில்லை.

அந்தப் பம்புக்கு வேறு பேரிங் மாட்டியாயிற்று, மறுபடியும் சும்மா நிற்கிறது. இன்று திங்கள். டீக்கு முன்னால் போய் ஷாஃப்ட்டைக் கால் சுற்று திருப்பினேன். கையெல்லாம் உன் வாடை.

"அங்க என்ன பண்றீங்க?" என்றார் மேனேஜர்.

"சும்மா நிக்குது சார், பாவம்" என்றேன்.