களாப்பழ ஜெல்லி செய்பவர் கவனத்துக்கு

அக்காவுக்குக் களாப்பழ ஜெல்லி தருவதாக வாக்குக் கொடுத்த பாலகுரு, பக்கத்து ஊரான பூவத்துப் புதரில் ஒரு கூடைப் பழம் பறித்துவந்து மனைவி சாரதாம்பாளிடம், "வீட்ல சும்மாத்தானே இருக்கே, செஞ்சு வை" என்றான்.

மறுநாள் அவன் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது, மண்டபத்தூர் பால்வாடி வேலைக்கான நேர்காணலுக்குக் கிளம்பிய அவள், கூடைமேல் ஒரு சீட்டு வைத்தாள்.

"சும்மா இருக்கறவ வேலை கேட்டு வெளியில போறேன். இன்னைக்கு நீங்க சும்மா இருந்து பாருங்க. காம்பைக் கிள்ளினா பால் ஒட்டும், கையில எண்ணெய் தடவிக்குங்க. பழம் முங்கத் தண்ணி விட்டு வேகவச்சு, துணியில கட்டித் தொங்கவிடுங்க. பிழிஞ்சா சாறு கலங்கிடும். பொறுமை உங்களுக்குப் புதுசு, பழகிக்குங்க. வடிஞ்ச சாறு அளவுக்குச் சர்க்கரை போட்டுக் காய்ச்சுங்க. அக்கா வந்தா காப்பியும் நீங்கதான்."

அடியில் நுணுக்கி எழுதினாள்: "துணிக்கு என் புடவையத் தேடாதீங்க. உங்க வேட்டி சும்மாத்தான் கிடக்கு. சோறு மூடி வச்சிருக்கேன். சாப்புட்டுட்டு ஆரம்பிங்க."

சாயங்காலம் அவள் திரும்பியபோது, உள்ளே அக்கா கலங்கிய ஜெல்லியைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"இத யாருடா செஞ்சது?"

"நான்தான்" என்றான் பாலகுரு. "அவ இனிமே வேலைக்குப் போறவ."

சாரதாம்பாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வேலை கிடைத்ததை அவள் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.