ஆறு மாதத்துக்குள் எடுத்த புகைப்படம்

அனுப்புநர்:
மனு எண் 417-இன் மனுதாரர்
(பேருந்துப் பட்டறை வெல்டரின் தாயார்),
மூன்றாம் மாடி,
தண்ணீர்த்தொட்டிக்குப் பின் தெரு.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
காணாமற்போனோர் விசாரணைப் பிரிவு.

பொருள்: புதிய புகைப்படம் இல்லையென்று என் மகனுடைய கோப்பை முடிக்கக் கூடாது என்பது பற்றி.

மதிப்புக்குரிய செயலாளர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. படிவத்தில் ‘குடும்ப விவரம்’ என்று இரண்டே வரி விட்டிருக்கிறீர்கள். எங்கள் குடும்பத்துக்கு அது போதாது. மூத்த பேத்தி நர்ஸ். குறைமாதக் குழந்தைகள் வார்டுக்கு இருபத்தைந்து வயதிலேயே பொறுப்பு நர்ஸ் ஆக்கியிருக்கிறார்கள். ஊசி போட நரம்பு கிடைக்காவிட்டால் டாக்டரே இவளைத்தான் கூப்பிடுகிறாராம். பேரன் சர்வேயர் பரீட்சையில் மாவட்டத்திலேயே முதல். கணக்கு எங்கள் பக்கத்து ரத்தம். சின்னப் பேத்தி பள்ளிக் கைப்பந்து அணிக்குத் தலைவி. வெற்றிக்கோப்பை கொடுத்த அமைச்சர் இவளை அண்ணாந்து பார்த்துத்தான் கொடுக்க வேண்டியிருந்ததாம். அந்த உயரம் அப்பனைக் கொண்டது. அப்பனை அவள் பார்த்ததில்லை. அவனைக் கொண்டுபோனபோது இவள் தாய் வயிற்றில் ஆறு மாதம்.

2. பதினாறு வருடத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, என் மகன் பட்டறையில் பஸ் ஜன்னல் கம்பி பற்றவைத்துக்கொண்டிருந்தான். வேலைநிறுத்த நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவர்களில் அவன் மூன்றாவது ஆள். அரசு ஜீப்பில் நாலு பேர் வந்து, “சின்ன விசாரணை, அரை மணி நேரத்துல விட்டுருவோம்” என்று கூட்டிப்போனார்கள். அவனும் பக்கத்தில் வேலை பார்த்தவரிடம், “மெஷினை அணைச்சிராதண்ணே, இந்தா வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினான். அவர் அன்று பட்டறை மூடும்வரை அணைக்கவில்லை. இது அவர் கொடுத்த சாட்சியத்தில், ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே உங்கள் பிரிவின் பெயர் என் மகனுக்குப் பொருந்தாது. அவன் காணாமற்போகவில்லை. கூட்டிப்போகப்பட்டான்.

3. இதுவரை மூன்று ஆட்சி பார்த்துவிட்டேன். முதலில் இருந்த அமைச்சர், அப்படி ஒருவரைப் பிடிக்கவேயில்லை என்றார். அடுத்தவர், “அது போன ஆட்சியில நடந்ததும்மா” என்றார். இப்போது இருப்பவரை இன்னும் பார்க்க விடவில்லை. அவருடைய உதவியாளர், “உட்காருங்க பாட்டி” என்றார். அறையைப் பூட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். போன ஆட்சி கட்டிய பாலத்தை இந்த ஆட்சி ரிப்பன் வெட்டித் திறக்கிறது. பாலம் கைமாறி வரும்போது, பிடித்துப்போன ஆள் மட்டும் எப்படி வராமல் இருப்பான் என்பது ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு விளங்கவில்லை.

4. மருமகளும் பிள்ளைகளும் மூத்தவள் வேலை பார்க்கும் ஊரில் இருக்கிறார்கள். “அங்க தனியா யாருக்குக் காவல் இருக்கீங்க, கிளம்பி வாங்க பாட்டி” என்று அவள் ஞாயிறுதோறும் போனில் சத்தம் போடுகிறாள். நான் போகவில்லை. அவனுக்குத் தெரிந்த முகவரி இது ஒன்றுதான். கட்டடத்தில் எல்லா வீட்டிலும் ஆள் மாறிவிட்டது. புதிதாக வந்தவர்கள் நல்லவர்கள், படியில் ஒதுங்கி வழி விடுவார்கள். அவன் முகம் தெரிந்தவள் இங்கே நான் ஒருத்திதான் மிச்சம்.

5. இந்நிலையில் தங்கள் கடிதம் கிடைத்தது. வருடாவருடம் நான் கொடுக்கும் படம், பட்டறை அடையாள அட்டைக்கு எடுத்தது, பழசு என்றும், ‘ஆறு மாதத்துக்குள் எடுத்த புகைப்படம்’ முப்பது நாளில் வராவிட்டால் கோப்பு முடிக்கப்படும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நேரில் வந்து கேட்டேன். “கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது பாட்டி, நான் என்ன பண்ண” என்று சொல்லிவிட்டு, கவுன்ட்டரில் இருந்தவரே தலையைக் குனிந்துகொண்டார். அவர் மேல் எனக்குப் புகார் இல்லை.

அங்கிருந்து ஸ்டுடியோவுக்குப் போனேன். பழைய படத்திலேயே வயதைக் கூட்டித் தருவதாக ஸ்டுடியோக்காரர் சொன்னார். இப்போது ஐம்பது என்றேன். “முடி எந்தப் பக்கம் நரைச்சிருக்கும்? முன்னாடி வழுக்கை விழுந்திருக்குமா?” என்று கேட்டார். பெற்றவளுக்கு அது தெரியவில்லை. பழைய படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகையால் ஐயா, ஆறு மாதத்துக்குள் எடுத்த படம் எங்களிடம் இருக்க வழியில்லை. கொண்டுபோனவர்களால்தான் அதை எடுக்க முடியும். கோப்பை முடிக்காமல், அரசே அவனை உட்காரவைத்து, விதியில் கண்டபடி இரண்டு காதும் தெரியப் புதுப்படம் எடுக்க வேண்டும். முடியாது என்றால், ஏன் முடியாது, யாரால் முடியாமற்போனது என்பதை அமைச்சர் தம் கையெழுத்தோடு எழுதித் தர வேண்டும். அதைப் படிக்கவும் நான் தயாராக இருக்கிறேன்.

எடுத்த படத்தில் ஒன்றைக் கோப்பில் ஒட்டிவிட்டு, இன்னொன்றை மேற்கண்ட முகவரிக்குத் தபாலில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். பதிவுத் தபால் வேண்டாம். கையெழுத்துப் போட நான் மூன்று மாடி இறங்குவதற்குள் தபால்காரர் போய்விடுகிறார். சாதாரணத் தபாலே போதும்.

இடம்: மேற்கண்ட வீடு
நாள்: கடிதம் கிடைத்த இருபத்திரண்டாம் நாள், திங்கட்கிழமை

இப்படிக்கு,
என் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்ட
வெல்டரின் தாயார்