ஆறாவது போல்ட்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நலம். உன் முகவரியை நம் பட்டறைக்கு டயர் தரும் டயர்காரரிடம் வாங்கினேன். தரமாட்டேன் என்று இரண்டு நாள் ஒற்றைக்காலில் நின்றார், அவர்மேல் கோபப்படாதே. குளிர்பதனக் கிடங்கில் பெட்டி எண்ணும் வேலை பார்க்கிறாயாம். ஸ்பேனரைக் கையால் தொடுவதில்லையாம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சைக்கிள் செயின் மாட்டித் தரக்கூட மறுத்துவிட்டாயாம். கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிழித்துப் போடுவதென்றாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

போன வாரம் பந்தயத் திடல்காரர்கள் உன் அக்கா ஓட்டிய காரை இறக்கிவிட்டுப் போனார்கள். எட்டு மாதம் அவர்கள் கொட்டகையில் கிடந்திருக்கிறது. கூடவே ஒரு தாள். மூன்றாவது சிலிண்டரில் போல்ட் தளர்ந்து பிஸ்டனைப் பிடித்திருக்கும் ராட் உடைந்ததாகவும், பூட்டியதில் பிழை என்றும் எழுதியிருந்தது. யார் பிழை என்று எழுதவில்லை. அதை நான்தான் விபத்தன்றே ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டேனே. "நீதானேடா முறுக்கினே?" என்று கேட்டேன். உன் அக்கா உள்ளே துணி மூடிக் கிடந்தாள். நீ வாயே திறக்கவில்லை. எல்லாம் முடிந்த மறுநாள் பையை எடுத்துக்கொண்டு போனாய், நானும் தடுக்கவில்லை. உன் அம்மா அதற்கப்புறம் உன் பேச்சையே எடுப்பதில்லை.

இந்த எட்டு மாதமும் நான் இருந்த இருப்பைச் சொன்னால் நீ சிரிப்பாய். துணி துவைக்கும் மெஷினில் ஒரு நாணயம் சிக்கித் தட்டினால் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குகிறேன். மூன்று மாதம் பிரித்துக் கடைந்து புதிதாகப் பூட்டிய என்ஜின், வெள்ளோட்டத்தில் அவ்வளவு அமைதியாக ஓடியது, பந்தயத்தின் நாலாவது சுற்றில் மூன்றே மூன்று தட்டு தட்டிவிட்டு வெடித்ததே, அந்தத் தட்டல் என் காதைவிட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு பின்சக்கரத்தில் எண்ணெய் கொட்டியதும், வண்டி சுழன்று சுவரில் மோதியதும் எனக்குச் சத்தமில்லாமல்தான் ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அவள் வருகிறாள். பேய் பிசாசு என்று நினைக்காதே, எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை. பட்டறைக் கதவருகே ஒரு கையில் மட்டும் கையுறையோடு நின்று, "சீட்டை ரெண்டு விரல் முன்னாடி தள்ளணும், யாராவது வாங்களேன்" என்கிறாள். பட்டப்பகலில், நான் ஏதாவது வேலையாக இருக்கும்போது. பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள். கல்யாணத்தன்று சிரித்த முகம் வரலாம், சண்டை போட்ட முகம் வரலாம். எப்போதும் இது மட்டும் ஏன் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ஜினைப் பிரித்தேன். உனக்கு எதிராகச் சாட்சி தேடித்தான் பிரித்தேன், மறைக்க மாட்டேன். ஆனால் நீ பழக்கிய முறைப்படியே போனேன். முதலில் எண்ணெய். ஃபில்டரை அறுத்துப் பார்த்தேன், பழைய உலோகத் துகள் எதுவும் இல்லை. பம்ப் நன்றாகவே சுற்றியது. மற்ற மூன்று ராட்களின் பேரிங்கும் முகம் பார்க்கலாம் போல் பளபளவென்று இருந்தன. ஆக எண்ணெய்ப் பஞ்சம் இல்லை. பிஸ்டன்களில் உருகிய தடம் இல்லை, ஆக அதிகச் சூடும் காரணமில்லை. மூன்றாவது ராட் மட்டும்தான் என்ஜின் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. ஒரு ராட்டுக்கு இரண்டு வீதம் மொத்தம் எட்டு போல்ட். இதன் இரண்டில் ஒன்று முறிந்து, நுனி துளைக்குள்ளேயே நின்றது. அது வரிசையில் ஐந்தாவது. மற்றது எண்ணெய்த் தொட்டியின் அடியில் முழுசாகக் கிடந்தது. அது ஆறாவது.

மில்லிமீட்டர் கணக்குப் பார்ப்பதால் உன்னை மில்லி என்று பட்டறையே கேலி செய்யுமே, அந்த மில்லிக் கிறுக்கு உன்னைக் காப்பாற்றிவிட்டது. பூட்டுவதற்கு முன்னால் எட்டு போல்ட்களின் நீளத்தையும் அளந்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறாய். இந்த வகை போல்ட் ஒருமுறை சரியாக முறுக்கப்பட்டால் மயிரிழை நீண்டுவிடும், பிறகு சுருங்காது. முழுசாக இருந்த ஏழையும் அளந்தேன். ஆறு போல்ட்கள் நீண்டிருந்தன. ஆறாவது மட்டும் நீ எழுதிய அதே அளவு. பெட்டியிலிருந்து வந்தபடியே. விரலால் திருகிவிட்டதோடு சரி, அதன்மேல் ஸ்பேனரே படவில்லை.

ஆனால் அதன் தலையில் வெள்ளைக் கோடு இருந்தது, மச்சான்.

நீ முறுக்குவாய். வேண்டிய இறுக்கம் வந்து ஸ்பேனர் டிக் என்றதும் "ஆச்சு" என்பாய். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் நான் பிரஷ்ஷால் கோடு போட வேண்டும். கோடு இருந்தால் முடிந்தது, திரும்பத் தொடக்கூடாது. இது நாம் இருவரும் சேர்ந்து வைத்த சட்டம். என்ஜினைப் பூட்டிய அன்று ஐந்தாவதுக்கு "ஆச்சு" சொன்னாய். அப்போதுதான் அவள் கதவருகே வந்து நின்றாள். நீ ஸ்பேனரை வைத்துவிட்டு சீட்டைத் தள்ளப் போனாய். என் கையில் பிரஷ் இருந்தது. நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தபடியே அடுத்த போல்ட்டிலும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன். நீ திரும்பி வந்தாய், ஆறாவதில் கோட்டைப் பார்த்தாய், சட்டப்படி ஏழாவதுக்குப் போனாய்.

ஆறாவதுக்கும் நீ "ஆச்சு" சொல்லி என் காதில் விழுந்திருக்கும் என்று ஒரு மணி நேரம் என்னையே ஏமாற்றிப் பார்த்தேன். எடுபடவில்லை. நீ சொல்லவில்லை. நான் போட்டேன். வேலைத்தாளில் சரிபார்த்தவர் என்ற இடத்தில் இருப்பதும் என் கையெழுத்துதான்; நான் சரிபார்த்தது என் கோடுகளை மட்டும். என் பெண்டாட்டியைக் கொன்றுவிட்டு, அந்தப் பழியை அவள் தம்பியின் தலையில் கட்டி ஊரைவிட்டு அனுப்பியிருக்கிறேன். 

உன் அம்மாவிடம் அன்றே சொல்லிவிட்டேன். போல்ட்டையும் நோட்டையும் மேசையில் வைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். எழுந்து போய்விடுவார்கள், அல்லது என்னைப் போகச் சொல்வார்கள் என்று நினைத்தேன். கடைசியில், "எம் புள்ளைய ஒரு வாட்டிகூட போன்ல கூப்பிடலையே நான்" என்றார்கள். நேற்று உன் அறையைப் பெருக்கி, மெத்தையை வெயிலில் போட்டார்கள். நான் தூக்க உதவப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்கள். திடல்காரர்களுக்கும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். நகல் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. கேட்பவர்களிடம் காட்டு. கேட்காதவர்களிடமும் காட்டு.

உன் அம்மாவுக்காக நீ வரவேண்டும். நான் வீட்டில் இருப்பது உனக்குக் கஷ்டமென்றால் ஒரு வரி எழுது, நீ வருவதற்கு முன்பே பட்டறைக்கு மாறிக்கொள்கிறேன். மன்னிப்பு என்ற பேச்சை நான் எடுக்க மாட்டேன். நீயும் நல்ல மனசில் அவசரப்பட்டுத் தந்துவிடாதே. வராந்தாவில் நான் கேட்டேனே, அதே மாதிரி எல்லார் எதிரிலும் என்னை ஒரு வார்த்தை கேள். நீ கேட்டால் நான் பதில் சொல்வேன்.

நீ தப்பு செய்யவில்லை. நன்றாக இருப்பாய், நன்றாகத் தூங்குவாய்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்