ஆணியில் மாட்டிய ஃபேன் பெல்ட்

786
பம்மல்,
9-4-1972

அன்பு மச்சான் ஐசக்குக்கு,

பம்மலுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே தபாலா என்று சிரிக்காதே. பட்டறையை விட்டு நகர மாமா விடவில்லை.

உன் குட்டிக் காருக்கு இரண்டாம் கோட் மஞ்சளும் அடித்தாயிற்று. தெருவே நின்று பார்க்கிறது. லிட்டருக்குப் பதிமூன்று கிலோமீட்டர் தருகிறது. உன் அப்பாவே குறை சொல்ல முடியாது. ஒன்பது மாத ஞாயிற்றுக்கிழமைகளை அதன் அடியில் படுத்தே கழித்திருக்கிறேன். கடிதம் கிடைத்ததும் வந்து எடுத்துப் போ.

மே மாதம் ஏற்காட்டில் உன் சித்தப்பா வீட்டில் ஒரு வாரம், மலைப்பாதையில் ஸ்டியரிங் எனக்கு. சொன்னதை மறந்துவிடாதே. பல்லாவரம் மலையைத் தவிர நான் வேறு மலை பார்த்ததில்லை.

ஃபேன் பெல்ட் மட்டும் பழசு. ஊருக்குள் ஓட அது போதும். புதிதை வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறேன், கிளம்பும் முதல்நாள் போடலாம்.

உன் மச்சான்,
காஜா

தாம்பரம்,
25-4-1972

அன்புள்ள காஜா,

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இந்த வருஷம் ஏற்காடு வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். வண்டி ஷெட்டில் போர்வைக்குள் இருக்கிறது. நீ வந்து பார்க்க வேண்டியதில்லை. அடுத்த லீவுக்குக் கட்டாயம் போவோம்.

உன்,
ஐசக்

பம்மல்,
28-4-1972

மச்சான்,

பெரியவர் சொன்னால் சரிதான், இதற்குப் போய் வருத்தப்படாதே. பயணத்துக்கென்று அம்மா தைத்த சட்டையைப் பெருநாளுக்குப் போட்டுக்கொள்கிறேன். வாரம் ஒருமுறை வண்டியை ஸ்டார்ட் செய்து வை, பாட்டரி இறங்கிவிடும்.

காஜா

தாம்பரம்,
7-5-1972

அன்புள்ள காஜா,

ஒரு சந்தேகம், சும்மா தெரிந்துகொள்ளத்தான். ஏற்றத்தில் வண்டி கொதித்து நின்றால் உடனே ரேடியேட்டரைத் திறந்து தண்ணீர் ஊற்றலாமா? இரண்டு முறை கொதித்தால் என்ன கோளாறு? தாமதிக்காமல் எழுது.

உன்,
ஐசக்

786
பம்மல்,
10-5-1972

திரு. ஐசக் அவர்களுக்கு,

தாம்பரம் என்று எழுதியிருந்தீர்கள். உறையில் ஏற்காடு தபால் முத்திரை இருந்தது. வீட்டு விலாசத்துக்குப் போட்டால் திருப்பி அனுப்ப நாளாகும் என்பதால் நேராகச் சித்தப்பா வீட்டுக்கே எழுதுகிறேன்.

கொதிக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பழைய பெல்ட் வழுக்குவதால்தான் கொதிக்கிறது. புதிதைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இறங்கும்போது இரண்டாம் கியரை விடாதீர்கள்.

நேற்று உங்கள் அப்பாவை மார்க்கெட்டில் பார்த்தேன். "காலேஜ் சிநேகிதங்க எல்லாம் போயிருக்காங்களே, நீ ஏன் தம்பி போகல? மலைன்னா உனக்கு பயமாமே, ஐசக் சொன்னான்" என்றார். ஆமாம் சார் என்றேன். உங்களைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை.

காலேஜ் நண்பர்கள் நடுவே என் கிரீஸ் கையோடு என்னை உட்கார வைக்கக் கூசியிருப்பீர்கள். அதை முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், பெல்ட்டை மாட்டி நானே வழியனுப்பியிருப்பேன்.

இனி வண்டிக்கு வேலை இருந்தால் பட்டறைக்கு வரலாம். மாமா பார்ப்பார்.

இப்படிக்கு,
காஜா மொய்தீன்,
மெக்கானிக்