உங்கள் பெயரில் திறந்த கணினி

அண்ணை,

இன்று காலை கணினியில் உங்கள் பெயர் வரவில்லை.

ஊர்காவற்றுறை வாகன விற்பனைக் கிளையில் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தத் திரையில் முதலில் வருவது உங்கள் பெயர், அதற்குக் கீழே என்னுடையது. நீங்கள் செத்த பிறகும் வந்துகொண்டே இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே உங்கள் மரண அறிவித்தல், உள்ளே உங்கள் பெயரில் வேலை. இன்று என் பெயர் மட்டும் தனியே நின்றது. உப்புக்காற்றுப் படாமல் நீங்கள் வெட்டிப் போட்ட பொலித்தீன் உறையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடித்து வைத்தேன். வேலை செய்ய மனம் வரவில்லை, இதை எழுதுகிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன். அதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

கார், வான் வாங்க வருகிற சனத்தின் அடையாள அட்டைப் பிரதி, தொலைபேசி எண், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிற பிள்ளையின் பெயர் எல்லாம் எங்களிடம் இருக்கிறது. கிளையில் அந்த விபரம் முழுவதையும் ஒரேயடியாக வெளியே எடுக்க விட்டது உங்கள் கணக்கு ஒன்றுதான். அதன் கடவுச்சொல் உங்கள் தம்பியின் வள்ளத்தின் பெயர். வள்ளத்தின் முகப்பில் சிவப்புப் பெயின்டில் பெரிதாக எழுதியிருக்கிறது. துறையில் மீனுக்குக் காத்து நிற்கிற நாய்க்கும் தெரிந்த கடவுச்சொல்! விற்பனைக்காரர் கேட்டாலும் கொடுத்தீர்கள், வாகனம் கழுவ வருகிறவர் கேட்டாலும் கொடுத்தீர்கள்.

"அண்ணை, உந்தப் பாஸ்வேர்ட்டை ஒருத்தருக்கும் குடுக்கக் கூடாது. பிறகு உங்கடை தலையிலைதான் விடியும்."

"கேக்கிறவனிட்டை ஏலாது எண்டு எப்பிடித் தங்கச்சி சொல்லுறது? என்னை நம்பேல்லையோ எண்டு நினைப்பான்."

யாழ்ப்பாணம் போகும்போது வீட்டுத் திறப்பை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிற ஆட்கள் நாங்கள். கொடுக்காமல் போனால் அதுவே ஒரு கோபதாபம், நல்லநாள் பெருநாளுக்கும் கதைக்க மாட்டார்கள். கணினியையும் நீங்கள் அப்படித்தான் நினைத்தீர்கள். திறப்பை வாங்கினவ உங்கள் வீட்டுக்குள் போனால் ஒழுங்கையில் இருக்கிற சனம் முழுக்கப் பார்க்கும். கணினிக்குள் யார் போனாலும் உங்கள் பெயர்தான் விழும். இதை எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! நான் மெல்லக் கதைக்கிறேன் என்று பகிடி பண்ணினீர்கள். "கொஞ்சம் சத்தமாச் சொல்லும் தங்கச்சி, கொம்பியூட்டருக்கே கேக்காது" என்று சிரித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டீர்கள்.

நெஞ்சு நோகிறது என்று ஆசுப்பத்திரிக்குப் போன ஆள் பெட்டியில் வந்தீர்கள். அடக்கம் முடிந்து வேலைக்கு வந்த முதல் நாளே, உங்கள் கணக்கை மூடச் சொல்லி மனேஜரிடம் கேட்டேன்.

"இப்ப என்ன அவசரம்? புதுக் கணக்குக் கேட்டால் கொழும்பிலை இழுத்தடிப்பாங்கள். அவரின்ரை கணக்கு ஓடுது தானே, ஓடட்டும்."

ஓடியது. உங்கள் முப்பத்தோராம் நாள் பூசைக்கு முந்தின கிழமை, அதே மனேஜர் விற்பனைக்காரர் ஒருவரை உங்கள் கதிரையில் இருத்தி, உங்கள் கணக்கால் எல்லா விபரத்தையும் எடுப்பித்து, வாகனத்துக்குக் கடன் கொடுக்கிற லீசிங் கொம்பனி ஒன்றில் இருக்கிற தன் கூட்டாளிக்கு அனுப்பினார். என் கண்ணுக்கு முன்னால்! "உதென்ன சேர் செய்யிறியள்?" என்று கேட்டேன். "நீர் உம்மடை வேலையைப் பாரும்" என்றார்.

பிறகு தீவு முழுக்கத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. நாரந்தனையில் உங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற அக்கா, மீன் ஏற்ற எங்களிடம் சின்ன வான் வாங்கினவ, அவவை மறந்திருக்க மாட்டீர்கள். விலை பேசிப் பேசி உங்களையே களைக்கப் பண்ணினவ. அவவின் அடையாள அட்டை எண்ணையும் டென்மார்க்கில் இருக்கிற மகனின் பெயரையும் சொல்லி, வானை வைத்துக் கடன் எடுக்கச் சொல்லி ஒருத்தன் விடாமல் கரைச்சல் கொடுத்திருக்கிறான். மீன் மணத்தோடு நேரே வந்து மேசையில் அடித்தா.

"என்ரை பெடியன்ரை பேர் அவனுக்கு எப்பிடித் தெரியும்? ஆர் குடுத்தது?"

மனேஜர் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டார். "செத்துப்போன எங்கடை ஆள்தான் அக்கா. அவரின்ரை கணக்காலைதான் போயிருக்கு. இனி ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

கோதாரியிலை போவான்! நான் உள்ளறையிலிருந்து ஓடி வருவதற்குள் அவ வானை எடுத்துக்கொண்டு போய்விட்டா. போனது நேரே உங்கள் வீட்டுப் படலைக்கு. றோட்டில் நின்று, அயல் எல்லாம் கேட்க, உங்களைப் பேர் சொல்லி ஏசியிருக்கிறா. உங்கள் மனைவி உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறா. அன்று பின்னேரம் எனக்குத் தொலைபேசி எடுத்தா.

"பிள்ளை, இவர் அப்பிடிச் செய்திருப்பாரோ?"

அண்ணை, உங்களோடு குடும்பம் நடத்திய மனுசிக்கே ஒரு சந்தேகத்தை விதைத்துவிட்டான் அந்த மனேஜர். உங்கள் மேலும் அந்த நேரம் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரே ஒரு தரம் யாருக்காவது ஏலாது என்று சொல்லியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்குமா?

சனத்தின் விபரத்தை வெளியே விட்டால் இப்போது சட்டம் கேட்கும். முறைப்பாடு போய், கொழும்புத் தலைமையகம் விளக்கம் கேட்டது. மனேஜர் பதிலை எழுதி, கணினிக்குப் பொறுப்பானவள் என்று என் கையெழுத்துக்கு நீட்டினார். உங்கள் பெயரை மட்டும் எழுதியிருந்தார். நீங்கள் செத்த திகதியைக் காணவில்லை.

"பொய் ஒண்டும் இல்லைத்தானே. கணக்கு அவரின்ரைதானே. செத்த ஆளுக்கு வேலை போகப்போகுதோ?"

"ஏலாது சேர்."

"என்ன?"

"ஏலாது."

யார் கதிரையில் இருந்தது, யார் இருத்தியது, நான் மூடச் சொல்லிக் கேட்டது எல்லாவற்றையும் நானே எழுதி அனுப்பினேன். அனுப்பியதை உங்கள் மனைவிக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அழுவா என்று நினைத்தேன், அழவில்லை.

"கொழும்புக்குச் சொன்னது சரி பிள்ளை. அவ றோட்டிலை நிண்டு ஏசினவ. நீரும் றோட்டிலை நிண்டு சொல்லும்."

ஞாயிற்றுக்கிழமை சுருவிலில் என் வீட்டிலிருந்து நாரந்தனைக்கு ஸ்கூட்டரில் போனேன். தேவாலயத்தில் பூசை முடிந்து சனம் வருகிற நேரம். வான்கார அக்காவும் வந்தா. உங்கள் படலைக்கு முன்னால் நின்று கத்தினேன், அண்ணை. நான்!

"அக்கா! உங்கடை விபரம் போகேக்கை அண்ணை செத்துச் சேமக்காலையிலை! அனுப்பினது உயிரோடை இருக்கிற மனேஜர்!"

சனம் அப்படியே நின்றது. அக்கா என்னைப் பார்த்தா, வீட்டைப் பார்த்தா, பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படலையைத் திறந்து உங்கள் மனைவியிடம் போனா. உள்ளே என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

தலைமையகம் உங்கள் கணக்கை மூடிவிட்டது. மனேஜர் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. இடமாற்றம் வருமாம், அவருக்கோ எனக்கோ தெரியாது. நேற்று விற்பனைக்காரர் வந்து, "அக்கா, உங்கடை பாஸ்வேர்ட்டை ஒருக்காத் தாங்கோவன்" என்று கேட்டார். ஏலாது என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும்.

நீங்கள் சொல்லாமல் விட்ட ஏலாதுகளை எல்லாம் இனி நான்தான் சொல்லித் திரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கத்தியதில் தொண்டை இன்னும் அடைத்துத்தான் இருக்கிறது. ஆனாலும் சத்தமாகத்தான் சொல்லுகிறேன், அண்ணை. இப்ப கேக்குதோ?