கருப்பு லேஸும் கௌபாய் தொப்பியும்

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

மூத்தவளைப் பெண் பார்க்க வந்தவர்கள்: மாப்பிள்ளை, அவருடைய தாய் தகப்பன், பசறையிலிருந்து அவருடைய அத்தை. நம் பக்கம் நானும் பிள்ளைகள் இரண்டும். நீங்கள் கட்டாரில்.

சின்னவள் கொழும்பிலிருந்து வந்திருந்தாள். தானே தைத்த கருப்பு லேஸ் கவுன், கருப்பு உதட்டுச்சாயம், தலையில் கௌபாய் தொப்பி. அந்த அத்தை பார்த்துவிட்டு, "ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கியாம்மா? குதிரைய எங்க கட்டுன?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"கீழ ரோட்டுல நிக்குது அத்தை. போறப்ப ஏறிக்குங்க" என்றாள் இவள். ஒருவரும் சிரிக்கவில்லை.

இப்போது மாப்பிள்ளை வீட்டாருக்குச் சம்பந்தம் சரியாம். கல்யாணத்துக்குச் சின்னவள் மட்டும் வரக்கூடாதாம். உங்களிடம் கேட்டார்களாம், நீங்களும் தலையாட்டிவிட்டீர்களாம்.

நல்ல காரியத்தில் கருப்பு எனக்கும் ஆகாது. சாமி படத்துக்கு முன்னால் தொப்பி எதற்கு என்று நானே ஏசினேன். உடனே கழற்றினாள். அதற்காகத் தோழியாய்ப் பக்கத்தில் நிற்கவேண்டிய தங்கச்சி இல்லாமல் அக்கா கழுத்தில் தாலி ஏறுவதா? மூத்தவள் அழுதபடியே இருக்கிறாள்.

சின்னவளிடம் நான் சொல்லமாட்டேன். சம்மதித்தவர் நீங்கள், நீங்களே அவளிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர்களிடம் முடியாதென்று சொல்லுங்கள். எதுவென்று சீக்கிரம் பதில் போடுங்கள்.

இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மா