அக்காவின் ஆயினி மரம்

என் செல்ல அக்காவுக்கு,

பெயரைச் சொல்லாமல்தான் ஆரம்பிக்கிறேன். நம் குடியின் வழக்கம் உனக்குத் தெரியாததா? இறந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், போகிற வழியில் திரும்பிப் பார்த்து நின்றுவிடுவார்கள் என்பார்கள். புதைத்த இடத்தையும் வெளியாளுக்குக் காட்டுவதில்லை. கல் கிடையாது, மேடு கிடையாது. தலைமாட்டில் நிற்கும் மரம்தான் அடையாளம். உனக்கு ஓடைக்கரை ஆயினி.

உன் மகள் ஆதிரா என்னோடுதான் இருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து என்னிடம் மலையாளத்தில் சண்டை பிடிக்கிறாள், அப்படியே உன் வாய். ஆயினி பழுக்கிற காலத்தில் மட்டும் அங்கே போய்ப் பேசாமல் உட்கார்ந்திருப்பாள்.

நம் காட்டுக்குள் ஒரு விடுதி வரப்போகிறது. பொன்முடிக்குப் போகிற பாதையிலிருந்து அதற்கு ரோடு போட மரம் வெட்டுகிறார்கள். அளக்க வந்த ஆபீசர் நல்ல மனுஷன்தான். "இவிட உங்க ஆளுகள அடக்குன எடம் வல்லதும் உண்டா? உண்டுன்னா சொல்லுங்க, அத விட்டுட்டு ரோடு போடலாம்" என்று கேட்டார். நம் மூப்பர் தரையைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். உங்களைக் காக்கத்தானே அந்த வழக்கம்? "அப்ப ஒண்ணும் இல்ல" என்று ஆபீசர் போய்விட்டார்.

மறுவாரம் ஆதிரா ஓடிவந்தாள். "சித்தி, அம்மைக்க மரத்திலயும் வெட்டுறதுக்கு மஞ்ச பெயின்ட் அடிச்சிருக்கு."

கீழ்ச்சரிவை நினைத்துக்கொண்டேன். அங்கே காட்டை அழித்து அக்கேசியா நட்டபிறகு, நம் பாட்டன்மார் எங்கே கிடக்கிறார்கள் என்று சொல்ல ஒருவருமில்லை. யாருக்கு எங்கே படையல் வைப்பது? இப்போது மெஷின் வாள் சத்தம் பகலெல்லாம் கேட்கிறது, நாளுக்கு நாள் கிட்டத்தில். சத்தம் நின்றால் இன்னும் பயம். விழுந்தது எந்த மரமோ?

திங்கட்கிழமை திருவனந்தபுரத்தில் இந்த ரோட்டைப் பற்றி விசாரணை. நான் போய் உன் பெயரையும் இடத்தையும் சொல்கிறேன் என்றதும் மூப்பர் தடுத்தார்.

"பேரு சொன்னா அவ திரும்பி வருவா, பிள்ளே. வந்தா எங்க நிப்பா?"

"மரம் போனா எங்க நிப்பா, மூப்பரே?"

எனக்கும் தெரியாது. உன்னைத் தொந்தரவு செய்கிறேனா, அக்கா? எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆனாலும் முதல் பஸ்ஸில் போவேன். எல்லோர் முன்னாலும் உன் பெயரைச் சொல்வேன், உன் மரத்தைக் காட்டுவேன். நீ திரும்பிப் பார்த்துவிட்டால் கலங்காதே, நேரே நம் வீட்டுக்கு வா. ஆதிரா இருக்கிறாள். விசாரணையில் நாக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்று, உன் பெயரை இங்கேயே முதல் தடவை எழுதிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வசந்தாவின் தங்கை